வாட்ஸ்அப்பில் இல்லாத கல்லூரித் தோழர்களை எப்படிக் கைவிடாமல் இருப்பது?

லாலிரோடு71 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர் அக்ரி காலேஜில் 1967-இல் சேர்ந்து 1971-இல் பி.எஸ்சி. விவசாயம் முடித்தவன். சேர்ந்தபோது அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. நாங்கள் படிப்பை முடித்த அதே 1971-இல், ஜூன் மாதம், அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. எங்கள் செட்டில் இப்போது எல்லோருமே எழுபத்தைந்தை ஒட்டியவர்கள்.

செட்டின் முகவரி நோட்டு என்னிடம் இருக்கிறது. 1996-இல் வெள்ளிவிழாவுக்கு எல்லோரையும் கூட்டியபோது ஆரம்பித்த நீளவாக்கு நோட்டு. அப்போது போஸ்ட் கார்டும் எஸ்.டி.டி. பூத்தும்தான். இரவு கட்டணம் குறையும் வரை காத்திருந்து பேசுவோம். அப்புறம் யாஹூ குழு வந்தது, போனது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்.

எங்களைத் தேடிப் பிடிப்பது மற்ற செட்டுகளைவிடக் கஷ்டம். 1969 ஜூலையில் 14 வங்கிகளைத் தேசியமயமாக்கியபோது கிராமத்தில் பயிர்க்கடன் கொடுக்க விவசாயம் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் ஆட்கள் நிறைய பேர் ஃபீல்டு ஆபீசராகப் போய்விட்டார்கள். ஆந்திரா, பீகார், உத்தரப் பிரதேசம் என்று எங்கெங்கோ போஸ்டிங். மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். நோட்டில் சிலருடைய பக்கத்தில் ஏழெட்டு முகவரிகள் அடித்து அடித்து எழுதியிருக்கும். மற்றவர்கள் என்னைப்போல வேளாண்மைத் துறையில், உரக் கம்பெனிகளில், வால்பாறை எஸ்டேட்டுகளில். சிலர் வேலைக்கே போகாமல் சொந்த நிலத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போடுகிறார்கள், ஆள் நலமாக இருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. அந்தப் படத்தை யாராவது திட்டினால் நான் விடமாட்டேன். இரண்டு நாள் ஒருவரிடமிருந்து படம் வரவில்லையென்றால் நான் போன் போட்டுவிடுவேன். ஒருமுறை அப்படிப் போன் போட்டுத்தான் திருப்பூர்க்காரன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதே தெரிந்தது.

குழுவுக்கு வெளியே இருப்பவர்கள்தான் என் கவலை. மன்னார்குடிப் பக்கத்தில் ஒருவன் இன்னும் குறுவையும் தாளடியுமாக நெல் போட்டுக்கொண்டிருக்கிறான். பட்டன் போன் வைத்திருக்கிறான், அதுவும் பெரும்பாலும் வீட்டு மாடத்தில்தான் கிடக்கும். இன்னொருவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது, போனை எடுத்தால் "யாரு, யாரு" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். திண்டுக்கல்லில் இருக்கும் என் ஹாஸ்டல் அறைத்தோழனுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகிறது. அவன் மகன் போனை அவன் கையில் கொடுத்தால் மரியாதையாக "சொல்லுங்க சார்" என்கிறான். நான்கு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் என்னை சார் என்று கூப்பிட்டால் எனக்கு அதற்கு மேல் பேச்சு வருவதில்லை.

அடுத்தது, இறந்துபோனவர்களின் வீட்டம்மாக்கள். குழுவில் மரணச் செய்தி வந்தால் அன்று முழுக்க "ஆழ்ந்த இரங்கல்", "ஓம் சாந்தி" என்று வரிசையாக வருகிறது. பதினாறாம் நாள் முடிந்த பிறகு அந்த அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடத் தயக்கம், என்ன பேசுவது என்று தெரியாமை. ஆனால் 1996-லிருந்து எங்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, எல்லோருக்கும் சோறு போட்டு, எங்கள் கதைகளை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நண்பன் போனதோடு அவர்களும் போய்விட்ட மாதிரி விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, கூட்டம். 2021-இல் எங்கள் பொன்விழா. மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின் உச்சம், நேரில் கூட வழியே இல்லை. ஜூமில் கூடினோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிட்டது, பாதிப் பேர் திரும்ப வரவில்லை. அதோடு போதும் என்கிறார்கள் சிலர். இன்னொருமுறை நேரில் கூட வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் உட்பட. பிள்ளைகள் தனியாக அனுப்பத் தயங்குகிறார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று என் மகளே கேட்கிறாள். காலை ஆறு மணிக்குக் காக்கி அரைக்கால்சட்டையோடு வெட்லேண்டில், அதாவது கல்லூரியின் நெல்வயலில், இறங்குவோம். ஆளுக்கு ஒரு பாத்தி. ஐ.ஆர்.8 அப்போதுதான் வந்த ரகம். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுத்து, தூற்றி, எடை போட்டுக் காட்டினால்தான் மார்க். எனக்குச் சேற்றுப்புண் வந்து காலை ஊன்ற முடியாமல் கிடந்தபோது இந்தத் திண்டுக்கல்காரன் தன் பாத்தியை முடித்துவிட்டு என் பாத்தியிலும் களை எடுத்தான். அவனை ஞாபகமறதி என்று ஒதுக்கிவைக்க என்னால் முடியாது.

உங்கள் செட்டுகளில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? எழுபத்தைந்தைத் தாண்டிய செட்டுக்காரர்களும், அப்பா அம்மாவின் போனைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பாளையங்கோட்டை அக்கா எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் செட்டில் ஆண்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எங்கள் கதை வேறு. நாங்கள் சாராள் தக்கர் கல்லூரியில் 1973-இல் முடித்தவர்கள். பெண்களைக் கண்டுபிடிப்பது தனி வேலை. கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாறிவிடும், ஊர் மாறிவிடும். கல்லூரிப் பதிவில் இருக்கிற பெயரை வைத்துக்கொண்டு ஃபேஸ்புக்கில் தேடினால் ஒருத்தியும் கிடைக்க மாட்டாள்.

நாங்கள் பிறந்த ஊரைப் பிடித்தோம். அண்ணன் தம்பி யாராவது அந்த வீட்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கோயில் அசனம், அதாவது சர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடும் விருந்து, என்றால் வெளியூரில் இருக்கிற பெண்மக்கள் எல்லாம் பிறந்த ஊருக்கு வந்து பந்தியில் உட்காருவார்கள். இந்துத் தோழிகளுக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நான் அந்தச் சமயம் பார்த்து டோனாவூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று போய் விசாரித்திருக்கிறேன். ஒருத்தியை அசனப் பந்தியிலேயே பார்த்தேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் விடவில்லை. அவள் மருமகள்தான் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள்.

இன்னொன்று. எங்கள் வயதுப் பெண்கள் பலருக்குச் சொந்த நம்பர் இல்லை. கணவர் நம்பர்தான் நம்பர். அவர் போய்விட்டால் கொஞ்ச நாளில் பிள்ளைகள் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டுவிடுவார்கள், அந்த நம்பர் செத்துவிடும், அவளும் நம் கையை விட்டுப் போய்விடுவாள். அதனால் உங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நம்பர் இருக்க வேண்டும், ஒன்று கட்டாயம் மகன் அல்லது மகளுடையதாக. இதை ஆள் நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். துக்க வீட்டில் நின்றுகொண்டு கேட்க முடியாது.

வீட்டம்மாக்களை விட்டுவிடக் கூடாது என்று எழுதினீர்களே, அது ரொம்பச் சரி. என் வீட்டுக்காரர் இறந்தபோது அவருடைய காலேஜ் கூட்டாளிகள் அத்தனை பேரும் வந்தார்கள். அதற்கப்புறம் ஒருவர் மட்டும்தான் பேசுகிறார். அவர் ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டார். மழை பெய்ததா, மூட்டுவலி எப்படி இருக்கிறது, பேரன் என்ன படிக்கிறான், அவ்வளவுதான். நடுவில், "இந்த மழைக்கு அவன் என்ன செய்வான் தெரியுமா" என்று என் வீட்டுக்காரர் பேச்சு ஒன்றை எடுப்பார். என் பிள்ளைகள் நான் அழுதுவிடுவேன் என்று அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். நான் அந்தக் கூட்டாளியின் போனுக்காகக் காத்திருப்பேன். பெண்களைக் கூப்பிடுவதென்றால் மதியம் இரண்டரைக்கு மேல் கூப்பிடுங்கள், அடுப்படி ஓய்ந்திருக்கும்.


மதுரை_மகள் எழுதியது:

ஐயா, வணக்கம். என் அப்பா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் அறுபதுகளில் படித்தவர். டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய போனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் திண்டுக்கல் நண்பரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தயவுசெய்து "என்னை ஞாபகம் இருக்கா?", "நான் யாரு சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாசத்தில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு அது பரீட்சை மாதிரி. பதில் தெரியாது என்பது அவருக்குத் தெரிகிறது, முகம் சுருங்கிவிடும். அதை மறைக்கத்தான் "சார்" என்று மரியாதையாகப் பேசி முடித்துவிடப் பார்ப்பார். உங்கள் நண்பர் சார் என்றதும் அதனால்தான் என்று நினைக்கிறேன், உங்களை விலக்குவதற்காக இல்லை.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் பேசுவதைக் கேட்டுத்தான் எனக்கே இதெல்லாம் புரிந்தது. எடுத்தவுடன் அவரே தன் பெயர், ஊர், ஹாஸ்டல் அறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். "நான்தாண்டா, உசிலம்பட்டிக்காரன், உன் எதிர் ரூம்" என்பார். அப்புறம் கேள்வியே கேட்க மாட்டார். ஒரு பழைய சம்பவத்தைத் தானாகவே முழுசாகச் சொல்லுவார். தல்லாகுளத்தில் அழகர் எதிர்சேவைத் திருவிழா அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலை விட்டு நழுவிப் போனது, கூட்டத்தில் செருப்பு தொலைந்தது, வெறுங்காலோடு திரும்பியது. அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். பாதியில், "வார்டன் நின்னுக்கிட்டிருந்தாரே" என்று அவராகவே சேர்ந்துகொள்வார். அந்த வார்த்தை வந்துவிட்டால் அன்று முழுக்க அவர் நன்றாக இருப்பார்.

ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால் முதல் முறை கேட்பதுபோலக் கேளுங்கள். இறந்துபோன நண்பரை "அவன் எங்கே இருக்கான்?" என்று கேட்டால் எங்களுக்கு ஆரம்பத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. இறந்துவிட்டார் என்று உண்மையைச் சொன்னோம். அப்பா அன்றுதான் செய்தி வந்ததுபோல அழுதார். அடுத்த வாரம் அதே கேள்வி, அதே அழுகை. மாமா அப்படிச் சொல்லவில்லை. "எனக்கும் அவன் நினைப்புதாண்டா" என்று சொல்லிவிட்டு அந்த நண்பரைப் பற்றி ஒரு நல்ல சம்பவத்தைச் சொன்னார். பொய்யும் இல்லை, புதிதாக ஒரு சாவும் இல்லை.

நேரம் முக்கியம். எங்கள் அப்பா காலையில் டிபன் சாப்பிட்டுப் பத்து மணிவாக்கில் தெளிவாக இருப்பார். பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடும். பத்து நிமிடம் போதும். திண்டுக்கல் வீட்டில் எந்த நேரம் சரிப்படும் என்று அவர் மகனிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

உங்களிடம் ஹாஸ்டல் போட்டோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தபாலில் அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. அப்பா ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசிப்பார்.

காது கேட்காத நண்பருக்கு வீடியோவில் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகச் சொன்னால் போதும்.

பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள் ஐயா. மாமா பேசுகிற அந்தப் பத்து நிமிடம்தான் அப்பா எனக்கு முன்பு எப்படி இருந்தார் என்று நான் பார்க்கிற நேரம். வேறு யாரிடமும் அவர் அப்படிச் சிரிப்பதில்லை.


பேராதனைப் பொறியியல் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் இப்போது ரொறன்ரோவில். எங்கள் பட்ச் (உங்கள் பாஷையில் செட்) இலங்கையில், பேராதனையில் பொறியியல் பீடம். நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே 1971 ஏப்ரலில் அரசாங்கத்துக்கு எதிரான இளைஞர் கிளர்ச்சி வந்து வளாகத்தை மூடிவிட்டார்கள். திரும்பிப் போய்த்தான் படிப்பை முடித்தோம். பட்சில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் எல்லோரும் இருந்தோம். பிறகு பலர் சாம்பியா, நைஜீரியா, வளைகுடா என்று வேலைக்குப் போனார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் கனபேர் நாட்டிலேயே இல்லை. போர் நடந்த வருடங்களில் எங்களுக்குள் கதை குறைந்துபோனதும் உண்மைதான். யார் எதைச் சொல்லுவது, எப்படிச் சொல்லுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாரம். அதைத் தாண்டி எங்களைத் திரும்பச் சேர்த்தது கண்டியில் இருக்கிற ஒரு சிங்கள நண்பர்தான். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். எனக்கு வந்த கடிதத்தில், என்னுடைய வீடு என்ன ஆனது, அம்மா எங்கே என்று கேட்டிருந்தார், வேறொன்றும் எழுதவில்லை. நான் பதில் எழுதினேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு காணொளியில் சந்திக்கிறோம். நேரம்தான் பெரிய சிக்கல். கோடையில் ரொறன்ரோவில் காலை 7 மணிக்குத் தொடங்கினால் லண்டனில் பகல் 12, கொழும்பில் மாலை 4.30, சிட்னியில் இரவு 9. இதைவிட நல்ல நேரம் எங்களுக்கு அகப்படவில்லை. கட்டணக் கணக்கை ஒருவருடைய மகன் எடுத்துத் தந்திருக்கிறார், 40 நிமிடத் தொல்லை இல்லை. கூட்டம் தொடங்க முன்னம் ஒருவர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்து ஐபேடைத் திறக்க வைப்பார். அந்த வேலைக்கு ஒருவர் இல்லையென்றால் காணொளிக் கூட்டம் நடக்காது.

ஒரு பட்ச்மேட் இறந்தால் நாங்கள் குழுவில் இரங்கல் போடுவதில்லை. செய்தியை ஒருவர் மட்டும் போடுவார். மற்ற எல்லோரும் அவரைப்பற்றித் தங்களுக்கு ஞாபகம் உள்ள ஒரு விஷயத்தை எழுதி அந்த ஒருவருக்கு அனுப்ப வேண்டும். நாலு வரி போதும். அக்பர் ஹோல் விடுதியில் அவர் என்ன செய்தார், சர்வே காம்பில் மழைக்குள் எப்படி அகப்பட்டார், அப்படி. அவர் அதையெல்லாம் தொகுத்து அச்சடித்துக் குடும்பத்துக்கு அனுப்புவார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி. தங்கள் தாத்தா இருபது வயதில் எப்படிப்பட்ட ஆள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

மனைவிமாரின் இலக்கங்களும் எங்கள் குழுவில் அப்படியே இருக்கின்றன. கணவர் இறந்தபின் யாரையும் எடுத்துவிடுவதில்லை. இருக்க விருப்பமா என்று ஆறுதலாகக் கேட்போம். பெரும்பாலும் இருக்கிறார்கள்.


ரயில்வே_தாத்தா எழுதியது:

சார், நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ரிட்டையர் ஆனவன். நேரில் கூடுவதற்கு என்னால் ஆன யோசனை.

மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை (ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம்) 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், திரும்பக் கொடுக்கவில்லை. அதனால் கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு டிக்கெட்டைச் செட்டே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், கேட்க வைக்காதீர்கள். கீழ் பெர்த் கோட்டா மட்டும் இன்னும் இருக்கிறது. ஆண் 60, பெண் 45 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்தால்தான் அந்தக் கோட்டா. நாலு பேர் சேர்ந்து போகிறோம் என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அது கிடைக்காது. இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். வயது பதியும் இடத்தில் சரியாகப் பதியுங்கள்.

சென்னையிலிருந்து வரும் முழங்கால் முடியாதவர்களுக்கு ராத்திரி போகும் சேரன் எக்ஸ்பிரஸைவிடப் பகலில் போகும் கோவை எக்ஸ்பிரஸ் நல்லது, ராத்திரி தூக்கம் கெடாது, வழியில் பேசிக்கொண்டே போகலாம். தங்கும் இடத்தில் தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். ஒரே நாள் வைத்துக்கொள்ளுங்கள். மேடை, பொன்னாடை, பேச்சு எதுவும் வேண்டாம். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்க இடம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் குழுவில் ஒருவருடைய வாட்ஸ்அப்பைத் திருடிவிட்டார்கள். ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்க, அவரும் சொல்லிவிட்டார். அப்புறம் அவர் பெயரில் எங்கள் எல்லோருக்கும் அவசரமாகப் பணம் வேண்டும் என்று செய்தி. கூட்டாளி கேட்கிறானே என்று இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் என்று செய்தி வந்தால் முதலில் போனில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். போய்விட்டால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று வாட்ஸ்அப் செட்டிங்கில் ஒன்று இருக்கிறது. பேரப்பிள்ளைகளை விட்டு எல்லோருடைய போனிலும் போட்டுவிடுங்கள்.


லாலிரோடு71 எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, சிலவற்றை உடனே ஆரம்பித்துவிட்டேன்.

மதுரை மகளே, முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். திண்டுக்கல்காரனின் மகனிடம் நேரம் கேட்டேன். காலை ஒன்பதரை என்றான். நீ சொன்னபடி நானே ஊர், ஹாஸ்டல், கட்டில் எல்லாம் சொல்லித்தான் ஆரம்பித்தேன். சேற்றுப்புண் கதையைச் சொன்னேன். நண்பன் கேட்டுக்கொண்டிருந்தான், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எங்கள் பாட்டனி மனப்பாடம் ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒருவன் தமிழில் பயிரின் பெயரைச் சொல்ல, மற்றவன் தாவரவியல் பெயரைச் சொல்ல வேண்டும். நான் கேள்வியாகக் கேட்காமல் இரண்டையும் நானே சொன்னேன். "நெல்லு, ஒரைசா சட்டைவா. துவரை, கஜானஸ் கஜான்." மூன்றாவதாகக் கேழ்வரகு என்று சொல்லிவிட்டு மூச்சு விடுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து "எலூசின் கோரகானா" என்றான். கம்புக்குப் "பென்னிசெட்டம் டைபாய்டிஸ்" என்றான். இப்போது அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள், பையன்கள் வேறு பெயர் படிக்கிறார்கள். அவன் சொன்னது நாங்கள் படித்த பெயர். "டேய், சோளத்தை விட்டுட்டியே" என்று என்னையே திருத்தினான். என் பெயர் அவனுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. டேய் என்றான், எனக்கு அது போதும். அவன் மகன் போனை வாங்கிப் பேச முடியாமல் வைத்துவிட்டு, பிறகு கூப்பிட்டு அடுத்த வாரமும் பேசச் சொன்னான்.

இதை ஒழுங்காகச் செய்ய ஒரு முறை வேண்டும் என்று யோசித்தபோது எங்கள் துறையின் பழைய திட்டம்தான் கை கொடுத்தது. எண்பதுகளில் உலக வங்கி உதவியோடு 'டி அண்ட் வி' என்று பயிற்சி, பார்வையிடல் திட்டம் நடந்தது. களப்பணியாளர் ஒவ்வொரு பகுதிக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறித்த அதே கிழமையில் போக வேண்டும். மழையோ வெயிலோ, சொல்ல விஷயம் இருக்கிறதோ இல்லையோ, போக வேண்டும். விவசாயிக்கு நாள் தெரியும், அன்று வயலில் நிற்பார். அந்தத் திட்டத்தில் குறைகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் நாள் தவறாமல் போனதால் அவர்களோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் இன்னும் இருக்கிறது. கும்பகோணம் பக்கத்தில் அன்று நான் போய்ப் பார்த்த தொடர்பு விவசாயிகளின் பிள்ளைகள் இப்போதும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறார்கள்.

அதையே செட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். குழுவில் காதும் கண்ணும் நன்றாக இருக்கிறவர்கள் யார் யார் என்று பார்த்து, ஆளுக்கு இரண்டு மூன்று பேரைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. வாட்ஸ்அப்பில் இல்லாதவர்கள், முடியாதவர்கள், நண்பர்களின் வீட்டம்மாக்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மாறாத கிழமை, மாறாத நேரம். பேச விஷயம் இல்லையென்றாலும் கூப்பிட வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் தன் ஆட்களை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டம்மாக்களைக் கூப்பிட எங்கள் வீட்டுப் பெண்களில் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள், அது நான் எதிர்பார்க்காதது.

மன்னார்குடிக்காரனுக்குப் போஸ்ட் கார்டு. இன்னும் ஐம்பது காசுதான். பதில் எழுத இன்னொரு கார்டில் என் முகவரியை எழுதி, இரண்டையும் ஒரு கவரில் போட்டு அனுப்புகிறேன். பதில் வந்தது. முழுக்க மேட்டூர்த் தண்ணீர் பற்றியும் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பது பற்றியும்தான். கடைசி வரியில், கூட்டம் அறுவடை முடிந்து வைத்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறான். அதனால் மாசிக் கடைசி என்று நாள் வைக்கப்போகிறோம். கோயம்புத்தூரில்தான். ரயில்வே ஐயா சொன்னபடி இரண்டிரண்டு டிக்கெட்டாகப் போடுகிறோம்.

இரங்கல் தொகுப்பை, பேராதனை ஐயா, அப்படியே எடுத்துக்கொண்டோம். இந்த வருடம் போனவனுக்காகத் தொடங்கியிருக்கிறோம். நாலு வரி கேட்டால் சிலர் நாலு பக்கம் அனுப்புகிறார்கள். பாளையங்கோட்டை அம்மா சொன்ன இரண்டாவது நம்பர் வேலையும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

இன்னும் சிலரைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. ஒருவர் தர்மபுரிப் பக்கம், வங்கி ஃபீல்டு ஆபீசராகப் பீகாருக்குப் போனவர், எண்பதுகளின் நடுவில் முகவரி மாறிவிட்டது. இன்னொருவர் நாகர்கோவில்காரர், ரப்பர் எஸ்டேட்டில் இருந்தார், கல்லூரியில் நன்றாகப் புல்லாங்குழல் வாசிப்பார். இதைப் படிக்கிற யாருடைய அப்பாவோ தாத்தாவோ 1967 முதல் 1971 வரை கோவை அக்ரி காலேஜில் படித்தவர் என்றால் அவர் ஊரை மட்டும் இங்கே எழுதுங்கள். பெயர், நம்பர் எல்லாம் பொதுவில் போட வேண்டாம். நோட்டைப் பார்த்துவிட்டு நானே தனிச்செய்தியில் வருகிறேன். அவர் இப்போது இல்லையென்றாலும் எழுதுங்கள். வீட்டில் அம்மா இருந்தால் அவர்களுக்கும் எங்கள் பட்டியலில் இடம் உண்டு.